இன்னொரு முறை கேளுங்கள்

இன்று இரவும் தமிழ்நாட்டின் ஏதோ ஒரு வார்டில் ஒரு செவிலியர் இன்சுலின் குப்பியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நம் நாட்டில் அந்த மருந்து இரண்டு அடர்த்தியில் புழங்குகிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. அவற்றுக்கேற்ப ஊசிக்குழலும் இரண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழலில், அதன் கோட்டைப் பார்த்தே ஏற்றினால், நோயாளிக்குள் இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். இது போதாதென்று கேஸ் ஷீட்டில் ஒரு குழப்பம் காத்திருக்கும். யூனிட்டைக் குறிக்க மருத்துவர் போடும் ஆங்கில எழுத்தின் வாய் சற்று மூடிவிட்டால் அது சுழியம் போலத் தெரியும். பத்து யூனிட் நூறு யூனிட் ஆகிவிடும். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி நினைவு தப்பிய ஒருவர், பார்ப்பவர் கண்ணுக்கு அயர்ந்து தூங்குபவர் போலவே இருப்பார். விடிந்த பிறகுதான் தெரியும்.

அந்தச் செவிலியருக்குச் சந்தேகம் வருகிறது. போனை எடுத்து டியூட்டி டாக்டரைக் கூப்பிடுகிறார். "சார், அஞ்சாம் பெட்டுக்கு எழுதியிருக்கிறது பத்தா, நூறா?" மறுமுனையில் தூக்கம் கலைந்த எரிச்சல். "எத்தனை வருஷமா சர்வீஸ்ல இருக்கீங்க சிஸ்டர்? நூறு யூனிட் யாராவது போடுவாங்களா? பத்துதான்."

அன்று நோயாளி பிழைத்துக்கொண்டார். பதிலும் சரியானதுதான். ஆனால் அந்தப் பதிலோடு இன்னொன்றும் நடந்துவிட்டது. அடுத்த வாரம் அதே செவிலியருக்கு வேறொரு சந்தேகம் வரும்போது அவர் கை போனை நோக்கிப் போகாது. பக்கத்து வார்டில் யாரையாவது கேட்பார், அல்லது தானே ஊகிப்பார். நான் இங்கே பேச வந்தது அந்த அடுத்த வாரத்தைப் பற்றி.

வேலை செய்யும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்பதால் எல்லோரிடமும் சொல்கிறேன். பட்டறையில் இருக்கிறவர்களே, அலுவலகத்தில் இருக்கிறவர்களே, கட்டட வேலையில், மில்லில், வங்கியில், பள்ளியில் இருக்கிறவர்களே, ஒரு கணக்கை நேர்மையாகப் பாருங்கள். கேள்வி கேட்டால் அதன் விலையைக் கொடுப்பவர் கேட்டவர். முகச்சுளிப்பு, கேலி, 'இவனுக்கு ஒன்றும் தெரியாது' என்ற பெயர் எல்லாம் அவர் தலையில் விழும். கேட்காமல் விட்டால் அதன் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் அந்த இடத்திலேயே இல்லாத மூன்றாம் ஆள். படுக்கையில் கிடக்கும் நோயாளி, இருக்கையில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கும் பயணி, நாளை அந்தக் கூரைக்குக் கீழே தூங்கப்போகும் குடும்பம். கேட்டவரும் பதில் சொன்னவரும் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இந்த அநியாயத்தின் ஆகப் பெரிய சாட்சி டெனரீஃப் தீவில் இருக்கிறது. 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் ஒரு குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனரீஃபின் சின்ன விமான நிலையத்துக்குத் திருப்பி விட்டார்கள். அங்கே ஓடுபாதை ஒன்றுதான். நிறுத்த இடமில்லாமல் இணைப்புப் பாதையை விமானங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. எனவே கிளம்ப வேண்டிய விமானம் ஓடுபாதையிலேயே ஊர்ந்துபோய்க் கடைசியில் திரும்பி நிற்க வேண்டும். நெதர்லாந்தின் கேஎல்எம் விமானம் அப்படிப் போய்த் திரும்பி நின்றது. அமெரிக்காவின் பான் ஆம் விமானம் அதே ஓடுபாதையில் அதற்குப் பின்னால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டுமே போயிங் 747. மூடுபனி இறங்கிவிட்டதால் ஒன்றை ஒன்று பார்க்க முடியவில்லை. கோபுரத்தில் இருந்தவர்களுக்கும் இரண்டும் தெரியவில்லை.

கேஎல்எம் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தில் 747 ஓட்டப் பயிற்சி தருவதற்குத் தலைவர் அவர்தான். நிறுவனத்தின் விளம்பரங்களில் அவர் படம் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதி உண்டா என்று சோதித்துச் சான்று கொடுத்ததும் அவரே. விமானிகளின் பணி நேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் இரவு அங்கேயே தங்க வேண்டிவரும். அவசரம் அவரைப் பிடித்து உந்தியது. ஒருமுறை அவர் எஞ்சினை முடுக்கத் தொடங்கியபோது, இன்னும் அனுமதி வரவில்லையே என்று துணை விமானி நிறுத்தினார். "தெரியும், கேள்" என்ற தொனியில் பதில் வந்தது. அவர் கேட்டார். கோபுரத்திலிருந்து வந்தது, புறப்பட்ட பிறகு எந்த வழியில் பறக்க வேண்டும் என்ற அனுமதி மட்டும். புறப்படுவதற்கான அனுமதி வரவில்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் கேப்டன் பிரேக்கை விட்டுவிட்டார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. ஒரு தடவை நிறுத்திப் பார்த்தவருக்கு, தன்னைச் சோதித்தவரையே மறுபடியும் நிறுத்த வாய் வரவில்லை.

விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, ஓடுபாதையை விட்டு வெளியேறியதும் தெரிவிக்கிறோம் என்று பான் ஆம் விமானி கோபுரத்திடம் சொன்னது ரேடியோவில் கேட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளரின் காது அதைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் அந்த விமானம் இன்னும் வெளியேறவில்லையா என்று கேட்டார். என்ன சொன்னாய் என்றார் கேப்டன். பொறியாளர் பெயர் சொல்லித் திரும்பக் கேட்டார்: அந்தப் பான் அமெரிக்கன் விமானம் வெளியேறவில்லையா? கேப்டனிடமிருந்து அழுத்தம் திருத்தமாக 'வெளியேறியாச்சு' என்ற பொருளில் ஒரு சொல் வந்தது. பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. சில விநாடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் செத்தார்கள். கேஎல்எம் விமானத்தில் இருந்த 248 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. இன்றுவரை விமானப் போக்குவரத்து வரலாற்றில் அதுவே மிகப் பெரிய விபத்து.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. விபத்துக்குப் பிறகு நாம் வழக்கமாகச் சொல்வது, 'யாராவது ஒருத்தர் கேட்டிருக்கக் கூடாதா?' என்பது. டெனரீஃபில் கேட்டார்கள். சரியான ஆள், சரியான நேரத்தில், சரியான கேள்வியைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு நேரான பதிலைத் தெரிந்துகொள்ள ஒரு ரேடியோ பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். ஒரு பெரிய மனிதரின் உறுதியான குரல் அதைச் செய்ய விடவில்லை. பணியிடங்களில் கேள்வி எழாமல் இருப்பது அபூர்வம். மெல்லிய குரலில் ஒருமுறை எழும். முதல் பதிலிலேயே அடங்கிப்போகும். நம்முடைய பிணி இந்த அடக்கம்தான்.

நமக்கு இது புதிய செய்தியும் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலைப்பட்ட இடத்தை நினைத்துப் பாருங்கள். ஊடலில் எழுந்துபோன அரசியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருந்த பாண்டியனும் அவசரத்தில் இருந்தான். பொற்கொல்லன் வந்து சொன்னதை விசாரிக்காமல், சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று காவலரை அனுப்பிவிட்டான். காவலர் போய்க் கோவலனைப் பார்த்தார்கள். பார்த்ததும் அவர்களுக்கே சந்தேகம் வந்தது. இவன் தோற்றம் கள்வனுடையது அல்ல, இவன் கொல்லப்பட வேண்டியவன் அல்ல என்று வாய்விட்டே சொன்னார்கள். இளங்கோவடிகள் அந்தக் காவலரை ஊமைகளாக எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஐயத்துக்குப் பொற்கொல்லன் தந்த பதில் ஒரு விரிவுரை. கள்வர் தொழிலுக்குத் துணை எட்டு என்று எண்ணிச் சொன்னான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. நிபுணனைப் போலப் பேசினான். காவலர் வாயடைத்தார்கள். அவர்களில் இளைஞன் ஒருவன், மழைக்கால இருட்டில் தன் வாளையே பிடுங்கிப்போன ஒரு கள்வனின் கதையைச் சொல்லிவிட்டு, இனி என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று மற்றவர்களைக் கேட்டான். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லும் முன்பே, குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். அரண்மனை தொலைவில் இல்லை. 'மன்னா, ஆள் அப்படித் தெரியவில்லை, ஒருமுறை பார்த்துவிடுகிறீர்களா' என்று கேட்க ஒருவர் நடந்து போயிருந்தால் மதுரை எரிந்திருக்காது. பாண்டியனின் குற்றத்தை நாம் ஆயிரம் மேடைகளில் பேசிவிட்டோம். அந்தக் காவலர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் அந்த அரண்மனையில் வேலை பார்த்திருந்தால் அரசனாக இருந்திருக்க மாட்டோம், காவலராகத்தான் இருந்திருப்போம்.

ஆகவே முதலில் காவலர்களிடம் பேசுகிறேன். உங்களுக்குக் கீழ்ப்படிதல் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். 'பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம் எல்லோரும். அந்த மரியாதை நல்லது, அதை விட வேண்டாம். மரியாதையோடே கேளுங்கள், ஆனால் கேளுங்கள். முதல் பதில் உங்கள் சந்தேகத்தைத் தீர்க்காவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள். உங்கள் சந்தேகம் தீர்ந்ததா, இல்லை உங்கள் தைரியம் தீர்ந்ததா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு. பேசாமல் திரும்பி நடக்கும்போது மனசுக்குள் ஓர் உறுத்தல் மிச்சமிருந்தால், தீர்ந்தது தைரியம்தான்.

இரண்டாம் முறை கேட்கும்போது இன்னும் தெளிவாகக் கேளுங்கள். முதல் கேள்வியைப் பலர் பொடி வைத்து, பட்டும் படாமலும் கேட்கிறோம். 'சார், இது ஓகேதானே?' என்பது கேள்வியே அல்ல, தலையாட்டச் சொல்லும் வேண்டுகோள். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்களோ அதையும் சொல்லிக் கேளுங்கள். "சார், குப்பி 100 யூனிட், கையில இருக்கிற சிரிஞ்ச் சிவப்பு மூடி. இதுல பத்து வரைக்கும் இழுத்தா இருபத்தஞ்சு போயிடும். ஆரஞ்சு மூடி வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" இப்படிக் கேட்டால் எரிச்சலில் இருப்பவரும் எழுந்து உட்காருவார். கட்டட வேலையில் சென்ட்ரிங் பிரிக்கச் சொல்லும்போது, 'பிரிச்சுடலாமாண்ணே?' என்று கேட்டால் 'பிரிடா' என்றுதான் மேஸ்திரி சொல்வார். "அண்ணே, கான்கிரீட் போட்டு நாலு நாள்தான் ஆச்சு, முட்டு எடுத்தா தாங்குமா?" என்று கேளுங்கள். நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கே முட்டு எடுக்க ஏழு நாள் ஆக வேண்டும், அதைவிட அகலமானதற்குப் பதினான்கு நாள் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதைச் சித்தாளும் கேட்கலாம். கேட்க வேண்டும். தளம் விழுந்தால் கீழே நிற்பவர் அவர்தான்.

போனில் வாங்கிய உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். அதுவும் கேள்விதான், கோபத்தைக் கிளப்பாத கேள்வி. மருந்தின் பெயர், அளவு, எந்த வழியாகக் கொடுப்பது என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லி, 'சரிதானே சார்' என்று ஆமாம் வாங்காமல் போனை வைக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் சலித்துக்கொள்ளட்டும்.

இனி மேலே இருக்கிறவர்களிடம். சூப்பர்வைசர், ஹெட் மாஸ்டர், சீஃப், முதலாளி, மேஸ்திரி, அக்கவுண்டன்ட்டுக்கு மேலே இருக்கும் மேனேஜர், எல்லோரிடமும்தான். இந்தக் கட்டுரையின் பெரிய பாரம் உங்கள் மேல்தான் விழுகிறது, விழ வேண்டும். கீழே இருப்பவரிடம் தைரியத்தை எதிர்பார்ப்பது எளிது. தைரியம் தேவைப்படாத இடமாக அதை ஆக்கித் தருவது உங்கள் கடமை. கேள்வியின் விலையை நீங்கள் கட்டுங்கள்.

விமானத் துறை டெனரீஃபுக்குப் பிறகும் அதைப்போன்ற வேறு விபத்துகளுக்குப் பிறகும் அதைத்தான் செய்தது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஒரு யுனைடெட் விமானம், சக்கரம் சரியாக இறங்கியதா என்ற ஆராய்ச்சியிலேயே கேப்டன் மூழ்கியிருந்ததால், எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்று உடனிருந்தவர்கள் சொல்லியும் அது அவர் மனத்தில் ஏறவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நாசா இது பற்றி ஒரு பயிலரங்கம் நடத்தியது. 1981-இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கியது: கீழே இருப்பவர் எப்படி அழுத்திக் கேட்க வேண்டும், மேலே இருப்பவர் எப்படிக் காது கொடுக்க வேண்டும். 1989 ஜூலையில் அதே நிறுவனத்தின் டிசி-10 விமானம் நடுவானில் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதையும் இழந்தது. அப்படி ஒரு நிலைக்கு எந்தக் கையேட்டிலும் வழி எழுதப்படவில்லை. கேப்டன் ஆல் ஹேன்ஸ் தனக்குத் தெரியாது என்பதை மறைக்கவில்லை. உடனிருந்தவர்களிடம் யோசனை கேட்டார். பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு விமானியையும் உள்ளே அழைத்து எஞ்சின் விசையை அவரிடம் விட்டார். சூ சிட்டியில் விமானம் நொறுங்கித்தான் இறங்கியது. 112 பேர் இறந்தார்கள். ஆனால் 296 பேரில் 184 பேர் உயிரோடு வந்தார்கள். தன்னைக் காப்பாற்றியது அந்தப் பயிற்சிதான் என்று ஹேன்ஸ் பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் அசெம்பிளி லைனை ஒட்டி ஒரு கயிறு தொங்கும். சில இடங்களில் இப்போது பொத்தான். சந்தேகம் வந்த தொழிலாளி யாரையும் கேட்காமல் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடிவர வேண்டும். சீக்கிரம் தீராவிட்டால் லைன் நின்றுவிடும். ஒரு நிமிட நிறுத்தத்துக்கும் பணம் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தவறான வண்டி வெளியே போனால் போகும் பணம் அதைவிடப் பெரிது என்பதும் தெரியும்.

அறுவை அரங்கில் இன்னும் எளிமையாகவே செய்தார்கள். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் பத்தொன்பது வரிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்தப் பக்கம், ஒவ்வாமை உண்டா, ஆன்டிபயாட்டிக் கொடுத்தாயிற்றா என்பவற்றோடு, அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. பெயர் சொல்லி ஒருமுறை வாய் திறந்தவர், ஏதாவது தப்பாகத் தெரிந்தால் மறுபடியும் வாய் திறப்பார். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பட்டியலுக்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அறுவைக்குப் பின்னான இறப்பு நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009 ஜனவரியில் வெளிவந்த ஆய்வு சொன்னது. புதிய கருவி எதுவும் வாங்கிவிடவில்லை. கேட்க வேண்டியவற்றை வாய்விட்டுக் கேட்பதைக் கட்டாயமாக்கினார்கள், அவ்வளவே.

கேட்பவரைக் காப்பாற்றுவதும் உங்கள் வேலை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் 1960-இல் சேர்ந்த ஃபிரான்சிஸ் கெல்சியின் மேசைக்குத் தாலிடோமைடு என்ற தூக்க மருந்தின் விண்ணப்பம் வந்தது. பல நாடுகளில் அது ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. அன்றைய சட்டப்படி அறுபது நாளுக்குள் மறுப்பு சொல்லாவிட்டால் அனுமதி தானாகவே கிடைத்துவிடும். கெல்சி கேள்வி கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பினார். பதில் வந்தது, போதவில்லை, மறுபடி கேட்டார். நரம்பு பாதிக்கப்படுவதாக ஒரு மருத்துவ இதழில் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, கருவுற்ற பெண்கள் சாப்பிட்டால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டார். நிறுவனத்தின் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், அவருடைய மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். மேலதிகாரிகள் அவர் பக்கம் நின்றார்கள். 1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்திருந்தார்கள். மருத்துவர்களுக்கு மாதிரியாகக் கொடுத்த மாத்திரைகளால் அமெரிக்காவிலும் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டன. ஆனால் அப்போது மருந்து அங்கே விற்பனைக்கே வரவில்லை. கெல்சிக்கு அதிபர் கென்னடி விருது கொடுத்தார். அவரைக் கைவிடாத அந்த மேலதிகாரிகளின் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது அவர்கள் செய்ததைத்தான், பெயர் கிடைக்காவிட்டாலும்.

நீங்களும் கேளுங்கள். நன்னூல் வினாவை ஆறாகப் பிரித்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பதில் தெரிந்துகொண்டே மாணவனைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று மயங்கிக் கேட்பது ஐய வினா. நம் அலுவலகங்களில் பதவி ஏற ஏற ஒருவர் வாயில் அறிவினா மட்டுமே மிஞ்சுகிறது. 'ரிப்போர்ட்டில் இது ஏன் இப்படி இருக்கு?' என்று கேட்டால் எதிரே நிற்பவருக்குப் பரீட்சை எழுதுவது போல இருக்கும். ஊழியர்கள் முன்னால் ஓர் அறியா வினாவை மனமாரக் கேளுங்கள். 'இந்த மெஷின் எனக்குப் புதுசு, நீங்க சொல்லுங்க' என்று இருபது வருட அனுபவம் உள்ளவர் ஒருமுறை சொன்னால், நேற்றுச் சேர்ந்த பையன் நாளைக்குத் தயங்காமல் வந்து கேட்பான். உத்தரவு கொடுத்து முடித்ததும் 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். அதற்கு 'புரிஞ்சுது சார்' தவிர வேறு பதில் வராது. 'நான் சொன்னதில் எது தப்பாப் போக வாய்ப்பிருக்கு?' என்று கேட்டுவிட்டு, மௌனம் எவ்வளவு நீண்டாலும் நீங்கள் அதை உடைக்காமல் காத்திருங்கள்.

கேள்வி வந்தவுடன் உங்கள் முகத்தைக் காத்துக்கொள்ளுங்கள். பதிலின் சொற்களுக்கு முன்னால் முகம் பேசிவிடும். அர்த்தமற்ற கேள்வியும் வரும், சொன்னதையே மூன்றாம் முறை கேட்பவரும் வருவார். பொறுத்துக்கொள்ளுங்கள். வீணான பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆகும் நேரம், வராமல் போன ஒரே ஒரு கேள்விக்குப் பிறகு காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் பதில் சொல்ல ஆகும் நேரத்தில் தூசு. 'வேலை நேரத்தில் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடக்கும்?' என்று நல்ல மேலாளர்களும் கேட்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் கேள்வியை வேலைக்கு வெளியே வைத்துப் பார்ப்பதால் எழும் கவலை அது. இன்சுலினை ஏற்றுவது எப்படி வேலையோ, ஏற்றுமுன் கேட்பதும் அப்படியே வேலை.

ஒரு வகை ஊழியரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர்களிடம் 'கேளுங்கள், இன்னொரு முறை கேளுங்கள்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்படுபவர்கள் அவர்கள். தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் சில மூச்சுகளில் சாய்ந்துவிடுவார். காப்பாற்ற இறங்கும் அண்ணனோ தம்பியோ அவர் மேலேயே விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர் போவது இதனால்தான். 'உள்ளே வாயு இருக்கா பார்த்தீங்களா?' என்பது ஒரு சின்னக் கேள்வி. ஆனால் அன்றைய கூலி, சாதி, 'வேற ஆளைக் கூப்பிட்டுக்கிறேன்' என்ற மிரட்டல் எல்லாம் அந்த மனிதரின் தொண்டையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அவரைத் தைரியசாலியாக இருக்கச் சொல்வது கொடுமை.

அங்கே கேட்க வேண்டியவர் நீங்கள். வீட்டுக்காரர், அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர், ஓட்டல் முதலாளி, ஒப்பந்ததாரர், நகராட்சிப் பொறியாளர். 2013-ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முப்பது லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகையை நினைத்துப் பயந்து கேட்டாலும் சரி, மனசாட்சிக்காகக் கேட்டாலும் சரி, கேளுங்கள். லாரி வருமுன்பே போனில் கேளுங்கள்: இயந்திரம் இருக்கிறதா, குழாய் தொட்டியின் அடி வரை எட்டுமா, ஆள் இறங்க வேண்டிவருமா? இறங்க வேண்டிவரும் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டிகளுக்காக 14420 என்ற கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது. வந்து நிற்கும் ஆள் சட்டையைக் கழற்றத் தொடங்கினால், "அண்ணே, நீங்க இறங்க வேண்டாம், கூலி முழுசாத் தந்துடுறேன்" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு லாரிக்காரரிடம் திரும்பி, குழாய் ஏன் எட்டவில்லை என்று கேளுங்கள்.